மடக்கு சௌனா வாங்குமுன்: 45 டிகிரி என்ற எண்ணை நம்பாதீர்கள்

கேள்வி இது: "வீட்டில் வைத்துக்கொள்ள மடக்கு சௌனா ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். நீராவி வகை நல்லதா, இன்ஃப்ராரெட் வகை நல்லதா? எடை குறையுமா? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் உட்காரலாம்? அம்மாவுக்கு வயது 68, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், முழங்கால் வலி இருக்கிறது. அவரும் உட்காரலாமா?"

சௌனா என்றால் சூடான அறையில் உட்கார்ந்து வியர்ப்பது. மடக்கு சௌனா அதன் வீட்டு வடிவம்: தலையை மட்டும் வெளியே விட்டு உள்ளே உட்காரும் துணிக் கூடாரம். நீராவி வகையில், வெளியே இருக்கும் ஸ்டீமர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குழாய் வழியாக ஆவியை உள்ளே அனுப்பும். உடலியங்கியல் பாடம் எடுப்பவன் நான். நீராவிக் கூடாரம் ஒன்றை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒன்றைப் பூஞ்சைக்குப் பறிகொடுத்தேன். இரண்டு அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். அம்மாவைப் பற்றிய கேள்விதான் முக்கியமானது. ஆனால் அதற்குப் பதில் புரிய வேண்டுமென்றால் மற்றவற்றைக் கடந்துதான் போக வேண்டும்.

விளம்பரங்களில் அடிக்கடி வரும் ஒரு வரி: "ஃபின்லாந்தில் 90 டிகிரியில் உட்காருகிறார்கள், இது வெறும் 45 டிகிரிதான், மென்மையானது." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. மரப்பலகை அடித்த அசல் சௌனா அறையில் காற்று 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை போகும், ஆனால் வறண்டிருக்கும். ஈரப்பதம் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம்தான். அந்தக் காற்றில் வியர்வை சுரந்த வேகத்திலேயே ஆவியாகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடம்பிலிருந்து ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 90 டிகிரி அறைக்குள் மனிதன் வெந்துபோகாமல் உட்கார்ந்திருப்பது இதனால்தான். அந்த அறையின் அடுப்பில் காயும் கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றியதும் சட்டென்று சூடு 'ஏறுவது' போலத் தோன்றுமே, அங்கே வெப்பநிலை ஏறியிருக்காது, ஈரம்தான் ஏறியிருக்கும்.

நீராவிக் கூடாரத்தில் நடப்பது நேர்மாறு. உள்ளே 45 டிகிரி, ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு. தோலின் வெப்பம் 36, 37 டிகிரி. குளிர்ந்த கண்ணாடியைச் சூடான குளியலறைக்குள் கொண்டுபோனால் அதன்மேல் நீர் முத்து முத்தாகப் படியும் அல்லவா, இங்கே அந்தக் கண்ணாடி உங்கள் தோல்தான். வியர்வை ஆவியாகி வெப்பத்தை எடுத்துப் போவதற்குப் பதிலாக, நீராவி உங்கள் தோல்மேல் நீராக மாறித் தன் வெப்பத்தை உங்களிடம் இறக்கிவிட்டுப் போகிறது. "பத்து நிமிடத்தில் எப்படிச் சொட்டச் சொட்ட வியர்க்கிறது பாருங்கள்" என்று காட்டுகிறார்களே, அந்தச் சொட்டில் கணிசமான பங்கு ஸ்டீமரிலிருந்து வந்த தண்ணீர். நம்பிக்கையில்லை என்றால் உலர்ந்த பிளாஸ்டிக் பாட்டிலில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிக் கூடாரத்துக்குள் வைத்துப் பாருங்கள். அதற்கும் 'வியர்க்கும்'.

கொஞ்சம் கணக்குப் போடலாம். 70 கிலோ எடையுள்ள உடம்பின் வெப்பம் 1 டிகிரி ஏற சுமார் 240 கிலோஜூல் தேவை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பம் வெளியேறும் வழிகளை எல்லாம் அடைத்துவிட்டால், வெளியிலிருந்து ஒரு துளி சூடும் வராமலே 40 நிமிடத்தில் 1 டிகிரி ஏறிவிடும். அதோடு 1,000 வாட் ஸ்டீமர் ஒன்றைச் சேருங்கள். அதன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்களிடம் வந்தால்கூட 1 டிகிரிக்குப் பத்து நிமிடம் ஆகாது. உண்மையில் கூடாரத்தின் துணி வழியாகவும் கழுத்து இடைவெளி வழியாகவும் நிறைய சூடு வீணாகிறது, முதலில் தோல்தான் சூடாகிறது, அதனால் உள்வெப்பம் இவ்வளவு விரைவாக ஏறுவதில்லை. ஆனால் '45 டிகிரி மென்மையானது' என்ற பேச்சு எவ்வளவு பொருளற்றது என்பதைக் காட்ட இந்தக் கணக்கு போதும். உள்வெப்பம் 37இலிருந்து 38 ஆவது நாம் விரும்பும் விளைவு. 39ஐத் தாண்டினால் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். 40 என்பது வெப்பத்தாக்கின் வாசல்.

இதில் இன்னொரு தந்திரம் ஒளிந்திருக்கிறது: தலை வெளியே இருப்பது. (இது புதுமையும் அல்ல. அமெரிக்காவில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற மருத்துவர் 1890களிலேயே மின்விளக்குகள் பதித்த பெட்டிக்குள் நோயாளிகளை உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.) தலை வெளியே இருப்பதால் குளிர்ந்த காற்றைச் சுவாசிக்கிறோம், மூச்சுமுட்டல் இல்லை, சிலருக்கு மூடிய அறையில் வரும் பயமும் இல்லை. நல்லதுதான். ஆனால் 'எனக்கு ரொம்பச் சூடாக இருக்கிறது' என்று மூளை முடிவெடுப்பதில் முகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. முகத்தில் மட்டும் காற்று பட்டால் உடம்பின் உள்வெப்பம் குறையாமலே நமக்குச் சுகமாக இருக்கும். அதாவது அறை சௌனாவில் 'போதும், வெளியே வா' என்று விரட்டும் காவலாளிக்கு இங்கே விசிறி வீசி உட்காரவைத்திருக்கிறோம். முகத்துக்கு நேராக மின்விசிறி வைத்துக்கொண்டு கைப்பேசியில் படம் பார்த்தபடி 40 நிமிடம் உட்காருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்த வயிற்றுக்கலக்கம் சொந்த அனுபவத்தில் வந்தது. முதல் வாரத்திலேயே ஒருநாள் 25 நிமிடம் உட்கார்ந்தேன். அருமையாக இருந்தது. ஜிப்பைத் திறந்து எழுந்தேன், தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மடக்கு நாற்காலியோடு சேர்ந்து உட்கார்ந்த இடத்திலேயே விழுந்தேன்; கால் போய் ஸ்டீமரில் இடித்தது. அதிர்ஷ்டம், மூடி திறக்கவில்லை. கடும் சூட்டில் தோலுக்குப் போகும் ரத்தம் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் வரைகூடப் போகலாம், சாதாரணமாக அது அரை லிட்டருக்கும் குறைவு. ரத்தக்குழாய்கள் எல்லாம் விரிந்து கிடக்கும் நேரத்தில் சட்டென்று எழுந்தால் ரத்தம் கால்களில் தங்கிவிடும், மூளைக்கு ஒரு நொடி பஞ்சம். வகுப்பில் இதைப் படம் போட்டு விளக்குகிறவன் நான். தெரிந்திருந்தது, எழும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, நீராவியா இன்ஃப்ராரெட்டா.

இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) கூடாரத்தில் நீர் கிடையாது. துணியில் தைத்த கார்பன் தகடுகள் சூடாகும்; கதிர்வீச்சு நேராகத் தோலில் படும். உள்ளே காற்று 45 முதல் 60 டிகிரி, வறண்டது, ஆகவே வியர்வை ஆவியாகும். இவற்றை விற்பவர்கள் 'தொலை அகச்சிவப்புக் கதிர்கள் உடம்புக்குள் இரண்டு அங்குலம் ஊடுருவி உறுப்புகளைச் சுத்தம் செய்யும்' என்று எழுதுவார்கள். அந்த அலைநீளத்தைத் தண்ணீர் மிக நன்றாக உறிஞ்சும். நம் தோலோ தண்ணீர் நிறைந்தது. எனவே அது தோலின் மேற்பரப்பில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்திலேயே அடங்கிவிடும். உள்ளே போவது கதிர் அல்ல, சூடான ரத்தம். இன்னொன்று: சூடான எல்லாப் பொருளும் அகச்சிவப்பை வீசுகிறது. 60 டிகிரியில் இருக்கும் தகட்டின் கதிர்வீச்சு 8.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் தொடும். 37 டிகிரியில் இருக்கும் உங்கள் உடம்பின் உச்சம் 9.3 மைக்ரோமீட்டருக்கு அருகில். வெந்நீர்ப் பையும் இதையேதான் வீசுகிறது. மாயம் ஒன்றுமில்லை, மோசடியும் இல்லை. அது ஒரு நல்ல வெப்பத் தகடு.

எது உடம்பை அதிகம் சூடாக்குகிறது? அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் செய்து 2025இல் வெளியிட்ட ஓர் ஆய்வு மூன்றை ஒப்பிட்டது: வெந்நீர்த் தொட்டி, அசல் சௌனா, இன்ஃப்ராரெட் சௌனா. வெந்நீரில் கழுத்தளவு அமர்ந்தவர்களின் உள்வெப்பம் 1 டிகிரிக்குச் சற்று மேல் ஏறியது. அசல் சௌனாவில் அதில் பாதிக்கும் குறைவு. இன்ஃப்ராரெட்டில் ஏறக்குறைய ஏறவே இல்லை. தண்ணீருக்குள் வியர்வை ஆவியாக வழியே இல்லை என்பதை நினைத்தால் இது வியப்பில்லை. நீராவிக் கூடாரம் அந்த ஆய்வில் இல்லை. ஆவியாகும் வழியை அடைக்கும் விதத்தில் அது வெந்நீர்த் தொட்டிக்குத்தான் நெருக்கம் என்பது என் கணிப்பு. இதனால் என் முதல் பரிந்துரை சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: வீட்டில் குளியல் தொட்டி இருந்தால் எதையும் வாங்காதீர்கள். 40 டிகிரித் தண்ணீரில் 20 நிமிடம், அவ்வளவுதான்.

தொட்டி இல்லையா? சூடு வேண்டும், வியர்க்க வேண்டும், தினமும் துடைத்துக் காயவைக்கும் பொறுமை உண்டு என்றால் நீராவி. ஈரம் வீட்டுக்குள் வேண்டாம், இதமான சூடு போதும், தசைகள் தளர்ந்தால் சரி என்றால் இன்ஃப்ராரெட். ஆரம்பிப்பவர்களுக்கும் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இரண்டாவதுதான் எளிது. மூன்றாவதாக, படுத்துக்கொண்டு சுற்றிக்கொள்ளும் இன்ஃப்ராரெட் போர்வை ஒன்று விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சூடான பரப்பு தோலோடு ஒட்டியிருக்கிறது, அவசரத்துக்குச் சட்டென்று வெளியே வர முடியாது, படுத்திருப்பதால் தூக்கம் வரும். 44 டிகிரிப் பரப்புகூடத் தோலில் பல மணி நேரம் ஒட்டியிருந்தால் புண்ணாகும் என்று மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1947இலேயே காட்டிவிட்டார்கள். வெப்பம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். வாங்கியே ஆவேன் என்றால் முழுக்கை, முழுக்கால் பருத்தி உடை அணிந்து, நேரம் முடிந்ததும் தானாக அணையும் வகையைப் பாருங்கள்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். குறையும், தண்ணீர் குடிக்கும் வரை. ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் சுமார் அரைக் கிலோ இறங்கியிருக்கும்; அது அரை லிட்டர் நீர். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி அடங்கியிருக்கிறது. சூட்டில் இதயம் வேகமாகத் துடிப்பதால் சும்மா இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எரியும். ஆனால் 'ஒரு அமர்வில் 600 கலோரி' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது கற்பனை. நச்சு நீக்கமும் அதே ரகம்தான். வியர்வையில் 99 சதவீதம் தண்ணீர், மீதியில் பெரும்பங்கு உப்பு. உலோக நச்சுகள் அதில் மிக நுண்ணிய அளவில் வருவது உண்மை, ஆனால் கழிவு நீக்கும் வேலையைச் செய்பவை கல்லீரலும் சிறுநீரகமும். தண்ணீர் குடிக்காமல் வியர்த்துக்கொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் வேலையைத்தான் கெடுப்பீர்கள்.

அப்படியானால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. ஃபின்லாந்தின் கிழக்கே குவோப்பியோ பகுதியில் 42 முதல் 60 வயதுள்ள 2,315 ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. வாரத்துக்கு 4 முதல் 7 முறை சௌனாவில் அமர்ந்தவர்களுக்கு, வாரம் ஒருமுறை அமர்ந்தவர்களைவிடத் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவாக இருந்தது. எல்லா விளம்பரங்களும் இந்த எண்ணைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஆனால் அது 80 டிகிரிக்கு அருகிலான அறை சௌனா, கூடாரம் அல்ல. ஒப்பீடும் சௌனாவுக்குப் போகாதவர்களோடு அல்ல, குறைவாகப் போகிறவர்களோடு. தினமும் போக முடிகிற உடல்நலமும் ஓய்வும் உள்ளவர்கள் இயல்பாகவே நீண்டகாலம் வாழக்கூடியவர்கள் என்ற சந்தேகத்தை முழுதாகத் தீர்க்க இந்த வகை ஆய்வால் முடியாது. எனக்கு இதைவிட ஜப்பானியரின் 'வாவோன்' சிகிச்சை சுவையானது. 60 டிகிரி இன்ஃப்ராரெட் அறையில் 15 நிமிடம், பிறகு போர்வை போர்த்தி 30 நிமிடம் ஓய்வு. இதயம் பலவீனமான நோயாளிகளுக்கே மருத்துவமனையில், கண்காணிப்போடு கொடுக்கிறார்கள். அங்கே சூட்டின் நேரத்தைவிட ஓய்வின் நேரம் இரு மடங்கு என்பதைக் கவனியுங்கள். வீட்டில் நாம் செய்வது தலைகீழ்: அரை மணி சூடு, அப்புறம் ஓட்டம்.

தசைவலி, விறைப்பு, மன இறுக்கம் ஆகியவற்றுக்குச் சூடு இதம் தரும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. தூக்கத்துக்கும் உதவும், நேரம் பார்த்துச் செய்தால். படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பு உடம்பைச் சூடாக்கினால், பிறகு கை கால் வழியாக வெப்பம் வெளியேறி உள்வெப்பம் இறங்கும்போது தூக்கம் சீக்கிரம் வருகிறது. வெந்நீர்க் குளியலில் இதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூடாரத்திலிருந்து எழுந்து நேராகப் படுக்கையில் விழுந்தால் புரண்டுகொண்டிருப்பீர்கள்.

எவ்வளவு நேரம் என்பதற்கு என் பதில்: முதல் வாரம் 10 நிமிடம், எவ்வளவு சுகமாக இருந்தாலும் 10தான். பிறகு 15. நீராவியில் 20ஐத் தாண்டத் தேவையில்லை, இன்ஃப்ராரெட்டில் 30 வரை போகலாம். வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள். உள்ளே சூடேறிய பிறகிலிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள். 2 லிட்டர் தண்ணீரை 1,000 வாட் ஸ்டீமர் கொதிக்கவைக்கவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவரை வெளியே இருங்கள். கொதித்தபின் மணிக்கு ஒன்றரை லிட்டர் வரை ஆவியாகும். நிரப்பிய தண்ணீர் தீரும்வரை உட்காரலாம் என்பது ஒரு கணக்கே அல்ல. அலாரம் வையுங்கள், கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நாடி பிடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. நிமிடத்துக்கு 100, 120 ஆவது இயல்பு. வேகமான நடைப்பயிற்சியில் வரும் துடிப்பைத் தாண்டினால் ஜிப்பைத் திறந்துவிடுங்கள். குமட்டல், தலைவலி, படபடப்பு, வியர்த்துக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று குளிர் நடுக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு முடிந்தது.

தாங்கும் போட்டி வேண்டாம். ஃபின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999இலிருந்து உலக சௌனா சாம்பியன்ஷிப் என்று ஒன்றை நடத்திவந்தார்கள். 2010 இறுதிச் சுற்றில், 110 டிகிரி அறையில், இருவர் வெளியே வர மறுத்தார்கள். ஒருவர் இறந்தார், மற்றவர் கடும் தீப்புண்களோடு மருத்துவமனைக்குப் போனார். போட்டி அதோடு நின்றது. அவர்கள் இருவரும் அனுபவசாலிகள்.

முடிந்ததும் எழாதீர்கள். ஸ்டீமரை அணையுங்கள், ஜிப்பை முழுக்கத் திறவுங்கள், இரண்டு மூன்று நிமிடம் அப்படியே உட்கார்ந்து கெண்டைக்கால் தசைகளை இறுக்கித் தளர்த்துங்கள். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். உட்காருமுன் எடை பாருங்கள், முடிந்ததும் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு நூறு கிராமுக்கும் ஒரு நூறு மில்லிக்குச் சற்று மேல் தண்ணீர் குடித்தால் போதும். இந்தச் சோதனையில் ஒரு வேடிக்கை உண்டு: ஆறாகப் பெருகியது போலிருந்த நாளில் 200 கிராம்தான் இறங்கியிருக்கும். மீதியெல்லாம் ஸ்டீமர் உபயம். மது அருந்திய நாளில் வேண்டவே வேண்டாம். சௌனா மரணங்களில் மதுவின் பங்கு பெரிது என்று ஃபின்லாந்துக்காரர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். தண்ணீர், வெறுங்கால், நனைந்த உடம்பு, ஆயிரம் வாட் கருவி எல்லாம் ஒரே இடத்தில். 1,000 வாட் என்பது 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குச் சற்று மேல், 1,500 வாட் என்றால் ஆறரை. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் அரை மணி நேரத்தில் சூடாகி உருகத் தொடங்கும். சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள், எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும், அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்க வேண்டும். இல்லையென்றால் சௌனாவுக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் வோல்ட்டைப் பாருங்கள். 110 வோல்ட்டுக்குச் செய்த சூடேற்றியை 230இல் செருகினால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்குக்கும் மேலாகத் திறன் இழுக்கும், நொடியில் எரிந்துபோகும். ஸ்டீமர் கூடாரத்துக்கு வெளியே, நடக்கும் வழியில் இல்லாமல் இருக்கட்டும். நீராவி வரும் குழாயின் வாய் உள்ளே உங்கள் காலுக்கு நேராக இருக்கக் கூடாது. அந்த முனையில் வருவது கிட்டத்தட்ட 100 டிகிரி ஆவி. கூடாரத்தின் 45 டிகிரி சராசரிக் கணக்கு அங்கே செல்லாது. முனைக்கு உறை கொடுத்திருப்பார்கள், அதைப் போடாமல் விடாதீர்கள். நறுமண எண்ணெயை நேராகத் தொட்டித் தண்ணீரில் ஊற்றினால் பிளாஸ்டிக் பாகங்கள் கெடும், குழாய் அடைக்கும். தண்ணீர் உப்புத்தன்மை கூடியது என்றால் மாதம் ஒருமுறை சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் ஊறவைத்துப் படிவை நீக்குங்கள்.

என் முதல் கூடாரம் செத்த கதை இரண்டு வரிதான். முடித்துவிட்டு, அலுப்பில், ஈரத்தோடு மடித்துப் பைக்குள் வைத்தேன். ஐந்து நாள் கழித்துத் திறந்தபோது தையல் ஓரமெல்லாம் கரும்புள்ளி, வாடை. கழுவிப் பார்த்தேன், வெயிலில் போட்டேன், போகவில்லை. பூஞ்சை படிந்த துணிக்குள் சூடான ஈரக்காற்றில் உட்காருவதில் என்ன ஆரோக்கியம்? இப்போது உள்ளே அடியில் ஒரு துண்டு, நாற்காலி மேல் ஒரு துண்டு. முடிந்ததும் உட்சுவரைத் துடைத்து, ஜிப் திறந்தபடி விசிறிக்கு முன் இரவு முழுதும் விடுகிறேன். மடக்குவதே இல்லை. 'மடக்கு சௌனா' என்ற பெயரில் பாதி பொய் என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். வாங்கிய புதிதில் பிளாஸ்டிக் வாடை வரும்; ஜன்னலைத் திறந்துவைத்து இரண்டு மூன்று முறை ஆளில்லாமல் ஓடவிடுங்கள். கூடவே வரும் நாற்காலி எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் முதலில் உடைகிறது.

யார் உட்காரக் கூடாது என்பதில் பேரம் இல்லை. கர்ப்பிணிகள் வேண்டாம். முதல் மூன்று மாதங்களில் தாயின் உள்வெப்பம் 39ஐத் தாண்டினால் கருவின் மூளை, தண்டுவட வளர்ச்சியைப் பாதிக்கலாம். காய்ச்சல் உள்ளவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நிலையற்ற நெஞ்சுவலி உள்ளவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், சிறு குழந்தைகள் இவர்களுக்கும் வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது. இன்சுலின் போட்ட உடனே சூட்டில் உட்கார்ந்தால் மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை தடாலென்று இறங்கும். ஃபென்டனில் போன்ற வலிநீக்கிப் பட்டை தோலில் ஒட்டியிருந்தால் சூடு அதிலிருந்து மருந்தை அளவுக்கு மீறி உள்ளே தள்ளும், உயிருக்கே ஆபத்து. மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர்களுக்கு நீரிழப்பால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். குழந்தைக்கு முயலும் ஆண்கள் சில மாதங்கள் தள்ளிப்போடுவது நல்லது. 2013இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், வாரம் இருமுறை 15 நிமிடம் என மூன்று மாதம் சௌனாவில் அமர்ந்த ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைந்தது. நிறுத்திய ஆறு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. கூடாரத்தில் தலை தப்பிக்கிறது, அந்த உறுப்புகள் தப்பிப்பதில்லை.

இப்போது அம்மா. 68 வயதில் தாகம் தாமதமாகத்தான் தெரியும், வியர்ப்பதும் குறைவு. ரத்த அழுத்த மாத்திரை என்று மட்டும் சொன்னீர்கள், எந்த வகை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிறுநீரைப் பெருக்கும் வகை என்றால் ஏற்கெனவே நீரும் உப்பும் வெளியேறிக்கொண்டிருக்கும். வியர்வை அதோடு சேரும். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் வகை என்றால் சூட்டுக்கு ஈடுகொடுக்க இதயம் வேகமெடுக்க முடியாது. ரத்தக்குழாயை விரிக்கும் வகை என்றால், சூடும் அதையே செய்யும், இரண்டும் கூடி எழும்போது அழுத்தம் சரியும். எனக்கு நேர்ந்த மாதிரி அவர் விழுந்தால் நாற்காலியோடு போகாது, இடுப்பெலும்போடு போகும்.

அதோடு, அவருடைய சிக்கல் முழங்காலில். முழங்காலுக்கு இதம் வேண்டுமென்று முழு உடம்பையும் வேகவைக்க வேண்டாமே. ஈரத் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தோ, உறை போட்ட வெந்நீர்ப் பையையோ 15 நிமிடம் முழங்காலில் வையுங்கள், ஒரு நாளில் இரண்டு முறை. மூட்டு சிவந்து வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் அதையும் தவிருங்கள். ஒத்தடம் கொடுத்த கையோடு, தசை தளர்ந்திருக்கும்போதே, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி ஐந்து நொடி நிறுத்தி இறக்கும் பயிற்சியைப் பத்துப் பத்து முறை செய்யச் சொல்லுங்கள். வலியைக் குறைப்பதில் சூட்டைவிடத் தொடைத்தசையின் வலுவுக்குத்தான் பங்கு அதிகம்.

அவருக்கும் ஆசை, உட்கார்ந்தே தீருவேன் என்கிறார் என்றால், மாத்திரை அட்டையை மருத்துவரிடம் நேரில் காட்டி, 'வெந்நீர்க் குளியல் மாதிரி உடம்பு முழுக்கச் சூடு ஏறும், எழும்போது அழுத்தம் இறங்கும், பரவாயில்லையா' என்று கேளுங்கள். 'சௌனா' என்று மட்டும் கேட்டால் அவர் வேறொன்றை நினைத்துக்கொண்டு தலையாட்டக்கூடும். சரி என்றால் இன்ஃப்ராரெட் வகை, குறைந்த சூட்டில், 8 நிமிடம், ஜிப் பாதி திறந்தபடி, நீங்கள் பக்கத்து நாற்காலியில். உட்காருமுன் ஒருமுறை, முடிந்து உட்கார்ந்தபடியே ஒருமுறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை என ரத்த அழுத்தத்தைக் குறித்துவையுங்கள். நின்றதும் மேல் எண் 20 இறங்கினால் மறுபடி உட்காரவைக்காதீர்கள். அந்தத் தாளை அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துப்போங்கள்.